மலையேறும் பெண்களிடம் உறுதிமொழி கேட்கும் முன்: இரு மாநில அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு, கேரள மாநிலங்களின் மாண்புமிகு முதலமைச்சர்கள், இரு மாநிலங்களின் சுற்றுச்சூழல், போக்குவரத்து, தொழிலாளர் நலத் துறையினர், தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சித் தலைவர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூன் 5 ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி, பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. நெகிழியைத் தவிர்ப்பேன், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவேன், மரம் நட்டு வளர்ப்பேன், இயன்றவரை பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவேன் என்று மாணவர்களும் பெற்றோரும் சொல்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆசிரியையாகப் பணிபுரியும் நானும் மாணவர்களோடு நின்று அதை மனமொன்றிச் சொல்லி வருகிறேன். இனியும் சொல்வேன், ஏனெனில் அதன் ஒவ்வொரு வரியும் நல்ல வரியே. ஆனால் நாங்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், எங்கள் மாணவர்கள் பலருடைய தாய்மார்கள் விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளில் ஒன்றின் வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் பயன்படுத்த வேண்டிய பொதுப் போக்குவரத்து எது என்பதற்கு இரு அரசுகளிடமும் விடை இல்லை. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வதில் தனிமனிதர் பொறுப்பு எவ்வளவு, அரசின் கடமை எவ்வளவு என்ற விவாதம் இந்த மலையடிவாரத்திலிருந்து பார்க்கும்போது எப்படித் தெரிகிறது என்பதைத் தங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

ஏலத்தோட்ட வேலையை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை என இடுக்கியின் கிழக்கு விளிம்பில் நீளும் ஏலமலைகளில் காய் எடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. தென்மேற்குப் பருவமழை இறங்கிய பின் காய் முற்றத் தொடங்கும். அதிலிருந்து தை, மாசி வரை, ஏறத்தாழ நாற்பது நாளைக்கு ஒரு சுற்றாக, செடியின் அடியில் தரையோடு படர்ந்திருக்கும் சரங்களிலிருந்து முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். நாள் முழுவதும் குனிந்தே செய்யும் இந்த வேலையைக் கண்ணும் விரலும் பழகியவர்களால்தான் செய்ய முடியும். பறித்த காய் ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்ந்து, புற்றடிக்கோ போடிநாயக்கனூருக்கோ ஏல விற்பனைக்கு வந்து, அங்கிருந்து உலகச் சந்தைக்குப் போகிறது. மழை பொய்த்தாலும் சரி, பத்து நாள் மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும் சரி, முதலில் அடிபடுவது அந்தச் சரமும் அதை நம்பிய நாட்கூலியுமே. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தபின், 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலை நாடெங்கும் பேசப்பட்டது. காய் இல்லாத செடியில் வேலையும் இல்லை என்பதை எங்கள் ஊர் வீடுகள் மட்டுமே அறிந்திருந்தன.

இந்தப் பெண்களிடம் இன்னும் எதைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது? ஒரு நாட்டு மக்கள் ஆளுக்கு எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறார்கள் என்று கணக்கிட்டால், சராசரி இந்தியரின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். சராசரி அமெரிக்கரின் பங்கு ஏறத்தாழ 14 டன். அந்த 2 டன் என்பதும் பெருநகரங்களின் கார்களையும் குளிரூட்டிகளையும் விமானப் பயணங்களையும் சேர்த்துப் பிரித்த சராசரி என்பதால், கம்பத்திலும் கூடலூரிலும் காமயகவுண்டன்பட்டியிலும் இருந்து மலையேறும் ஒரு பெண்ணின் பங்கு அதனினும் மிகக் குறைவாகத்தான் இருக்க முடியும். துணியைக் கிழியும்வரை உடுத்துவதும், சோற்றில் ஒரு பருக்கையையும் வீணாக்காததும் அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியவை அல்ல. ஜீப்பில் அளவுக்கு மீறி நெருக்கியடித்துச் செல்வதால், தலைக்கு ஆகும் டீசலும் குறைவே. அந்தக் குறைவை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன். கொண்டையூசி வளைவுகளில் மூடுபனிக்குள் திரும்பும் அந்த வண்டிகளில் உயிர்கள் போயிருக்கின்றன. கார்பன் கணக்கில் இவர்கள் ஏற்கெனவே முன்மாதிரிகள் என்று புகழ்ந்துவிட்டு நகர்வதும் தவறு, ஏனெனில் அந்த எண்ணிக்கையின் ஒரு பகுதி வறுமையாலும் மற்றொரு பகுதி ஆபத்தாலும் அமைந்தது.

போக்குவரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனெனில் இந்த மடலின் மையம் அதுவே. எல்லையைக் கடக்கும் பேருந்துகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை ஊரையும் ஊரையும் இணைப்பவை; தோட்ட வேலை தொடங்கும் நேரத்துக்கும், தோட்டப் பாதைகள் பிரியும் முனைகளுக்கும், நாட்கூலிக்கு ஏற்ற கட்டணத்துக்கும் அவை பொருந்துவதில்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் நடைமுறையில் உள்ள பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். உள்ளூரில் வேலைக்குச் செல்லும் பெண்களின் கையில் மாதந்தோறும் பணம் மிஞ்சியது அதனால்தான். ஆனால் எல்லைக்கு அப்பால் உள்ள தோட்டம் வரை அந்தச் சலுகை செல்வதில்லை. இரு மாநிலங்களுக்கு இடையே ஒரு பேருந்து ஓட வேண்டுமானால், மோட்டார் வாகனச் சட்டப்படி இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, வழித்தடத்தையும் நடைகளின் எண்ணிக்கையையும் அதில் குறிப்பிட வேண்டும். ஒரு கூலிப்பெண் எவ்வளவு உறுதியான மனத்தோடு உறுதிமொழி எடுத்தாலும் அந்த ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட முடியாது. கம்பம்மெட்டுச் சாலையிலும் போடிமெட்டுச் சாலையிலும் அதிகாலையில் சில பேருந்துகள் மேலேறி, மாலையில் இறங்கி, முக்கிய முனைகளில் நின்று, அங்கிருந்து தோட்டம் வரையிலான கரடுமுரடான பாதைக்கு மட்டும் ஜீப்புகள் ஓடினால், டீசலும் குறையும், உயிரிழப்பும் குறையும், ஜீப்பு ஓட்டிப் பிழைப்பவர்களின் வேலையும் பறிபோகாது. ஜீப்பு ஓட்டுநர்களைக் குற்றவாளிகளாக்கிச் சோதனைச் சாவடியில் அபராதம் வசூலிப்பதோடு நின்றுவிடுவதால் இவற்றில் எதுவும் நடக்கவில்லை. அபராதத்தின் சுமையும் ஏதோ ஒரு வழியில் கூலியின் மேல்தான் வந்து விழுகிறது.

தனிமனிதர் பொறுப்பு என்ற பேச்சு எங்கிருந்து இவ்வளவு வலுப்பெற்றது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் 'கரிமத் தடத்தை', அதாவது தம்மால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவை, அளந்து குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தை 2000-களின் நடுவில் உலகெங்கும் பெரும் விளம்பரச் செலவில் பரப்பியது பி.பி. என்ற எண்ணெய் நிறுவனம். நம் நாட்டில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, சுற்றுச்சூழலுக்கேற்ற வாழ்க்கைமுறை இயக்கம், தனிமனிதர் செய்யத்தக்க 75 செயல்களைப் பட்டியலிடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் அவைக்கு இந்தியா அளித்த புதுப்பிக்கப்பட்ட காலநிலை வாக்குறுதிகளிலும் வாழ்க்கைமுறை மாற்றமே முதலில் நிற்கிறது. நுகர்வு மிகுந்த நாடுகளை நோக்கி ஓர் ஏழை நாடு இதைச் சொல்வதில் நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்தச் சொல் தில்லியிலிருந்து சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வந்து, அங்கிருந்து மாவட்டத்துக்கு இறங்கி, கடைசியில் ஒரு பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தை அடையும்போது, யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ அவர்கள் விலகிப்போய், எங்கள் பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மார்களுமே எஞ்சுகிறார்கள்.

வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு உலகமே சேர்ந்து அனுபவித்த சான்று ஒன்று இருக்கிறது. 2020-இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றன, சாலைகள் வெறிச்சோடின, கடைகள் மூடின. மனிதர்கள் தாமாக முன்வந்து ஒருபோதும் செய்யமாட்டாத அளவுக்குத் தங்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்ட அந்த ஆண்டில், உலகின் கரியமில வாயு வெளியீடு ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே குறைந்தது. அடுத்த ஆண்டே அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது, அந்த மின்சாரத்தைத் தரும் நிலையங்கள் மாறவில்லை என்பதே அதற்குப் பெருங்காரணம்.

எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து இது நன்றாகவே தெரிகிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப் நிலையத்தில் மின்சாரமாகிறது. கணவாய்கள் வழியே சாரலோடு வரும் ஆனி, ஆடிக் காற்றில் ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாத மூலங்களுக்கு வந்துவிட்டதாக 2025-இல் மத்திய அரசு அறிவித்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஆண்டு முழுவதும் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. காற்று மிகுந்த நாட்களில் மின்கட்டமைப்பு ஏற்க முடியாமல் தமிழ்நாட்டின் காற்றாலைகள் நிறுத்தப்படுவதும் உண்டு. வீட்டு விளக்கை அணைப்பது எங்கள் கையில் இருக்கிறது. அந்த விளக்குக்கு வருவது காற்றா நிலக்கரியா என்பதை முடிவு செய்யும் கம்பித்தடமும் சேமிப்பு நிலையமும் கொள்முதல் ஒப்பந்தமும் தங்கள் கையில் இருக்கின்றன.

இதற்கு எதிராக ஒன்று சொல்லப்படும்: மக்கள் மாறாமல் அரசு என்ன செய்தாலும் பயனில்லை என்பார்கள். எல்.இ.டி. விளக்கின் கதையை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். குண்டு விளக்கைக் கைவிடுங்கள் என்று பல்லாண்டுகள் சொல்லப்பட்டும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மத்திய அரசின் நிறுவனம் ஒன்று கோடிக்கணக்கில் மொத்தக் கொள்முதல் செய்தபோது, 2014-இல் 300 ரூபாயைத் தாண்டியிருந்த எல்.இ.டி. விளக்கின் கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதன்பின் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருக்களில் குண்டு விளக்கு தானாக மறைந்தது. மாறியவர்கள் தனிமனிதர்களே என்பதை நான் மறுக்கவில்லை. அவர்கள் மாறுவதற்கான வழியைத் திறந்தது அரசு. ஒருவருக்கு எவ்வளவு தெரிவு இருக்கிறதோ அந்த அளவுக்கே அவரிடம் பொறுப்பைக் கேட்க முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அடுத்து வெயில். கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் கோடையில், வெட்டவெளியில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும் என்று ஆணையிடுகிறது. நல்ல ஆணை, தமிழ்நாடும் பின்பற்றத் தக்கது. ஆனால் கடல் மட்டத்துக்கு 3,000 அடிக்கு மேல் அமைந்த, வெப்பத் தாக்கம் இல்லாத இடங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஏலமலைகளில் பெரும்பகுதி அந்த உயரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. மலை என்றால் குளிர்ச்சி என்பது ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். 2024 கோடையில் இடுக்கியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஏலச்செடிகள் கருகி நின்றதைப் பார்த்த பிறகும், உயரத்தை மட்டும் வைத்து வெயிலை முடிவு செய்வது பொருத்தமன்று. அந்தந்த இடத்தில் அளந்த வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். மலையில் உழைத்துவிட்டு மாலையில் இறங்கி வருபவர்கள் இரவெல்லாம் சூடு தணியாத கம்பத்துத் தகர, ஓட்டு வீடுகளில் உறங்குகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகுத்தது. உயிர் போன பிறகு கிடைக்கும் உதவியைவிட, உயிர் போகாதிருக்க நிழலும் தண்ணீரும் மூன்று மணி நேர ஓய்வும் அதற்குரிய கூலியும் எளிதில் தரக்கூடியவை.

அந்த 2024 கோடையில் பயிர்ச்சேதம் எக்டேர் கணக்கில் எடுக்கப்பட்டது. நிலம் உள்ளவருக்கு அது முறையானதே. இழந்த வேலைநாளை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. இடுக்கியில் உழைக்கும் பெண்ணின் குடும்ப அட்டையும் வாக்கும் தேனியில் இருக்கின்றன. அவருக்கு இழப்பு நேர்ந்த இடமோ இடுக்கி. ஒரு மாநிலம் அவரைத் தன் குடிமகள் அல்லள் என்கிறது, மற்றொன்று இழப்பு தன் எல்லையில் நிகழவில்லை என்கிறது. வறட்சியோ பெருமழையோ காரணமாகத் தோட்ட வேலை நிற்கும் நாட்களுக்கு இரு மாநிலமும் சேர்ந்து ஓர் இழப்பீட்டு நிதியை ஏற்படுத்துவது, என் பார்வையில், காலநிலை நடவடிக்கைகளிலேயே மிக அவசரமானது.

பெட்டிமுடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறுக்கு அருகில், 24 மணி நேரத்தில் 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்த மழையில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் கயத்தாறு பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாததால் வெளியுலகம் அறியவே மறுநாள் காலையாயிற்று. அந்த லயங்கள் எங்கே கட்டப்பட வேண்டும் என்பதை அங்கே உறங்கிய எவரும் தீர்மானிக்கவில்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு தர வேண்டியவராக இருந்தவர் தோட்ட உரிமையாளர், அதைக் கண்காணிக்க வேண்டியதாக இருந்தது அரசு. சரிவான இடங்களில் இன்றும் நிற்கும் லயங்களைக் கணக்கெடுத்து, ஆபத்தானவற்றைப் பருவமழைக்கு முன் காலி செய்து, மழை எச்சரிக்கையைத் தமிழிலும் ஒலிபரப்பும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். 2024 ஜூலை 30 இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நேர்ந்த நிலச்சரிவைப் பார்த்த பிறகு இதற்கு வேறு காரணம் கூறத் தேவையில்லை.

எங்கள் பக்கத்துப் பொறுப்பையும் சொல்லியாக வேண்டும், அதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதோடு சேர்த்து. ஏலத்தோட்ட உரிமையாளர்களில் கணிசமானோர் போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதிகளைச் சேர்ந்த எம் மக்களே. ஏலம் நிழலில் வளரும் செடி. ஞள்ளானி போன்ற மிகுவிளைச்சல் இரகங்கள் பரவியபின், கூடுதல் வெளிச்சத்துக்காக நிழல் மரங்களின் கிளைகளை அளவுக்கு மீறிக் கழிப்பதும், மருந்தடிப்பைக் கூட்டுவதும் வழக்கமாயின. நிழல் போன தோட்டத்தில் மண்ணின் ஈரம் விரைவாக வற்றுகிறது, காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகும் அதே மலையிலிருந்து போகிறது. இங்கே தனிமனிதர் பொறுப்பு முழுமையாகப் பொருந்துகிறது, ஏனெனில் நிலம், முதல், முடிவு மூன்றும் அவர்கள் கையில் உள்ளன. மரத்தைக் காத்து, விறகு குறைவாக எரியும் உலர்த்திக்கு மாறும் சிறு விவசாயிக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் மானியம் தாமதமின்றிக் கிடைக்கட்டும். கிளைகளை மொட்டையடிப்பவருக்கு அது நிறுத்தப்படட்டும். பெரிய திருமண மண்டபங்களில் பகலிலும் நூற்றுக்கணக்கான விளக்கு எரிப்பவர்களும், நடக்கும் தூரத்துக்குக் காரை எடுப்பவர்களுமான எங்கள் நடுத்தர வகுப்பினரிடம் உறுதிமொழியை இன்னும் அழுத்தமாகக் கேளுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சித் தலைவரின் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் அமைக்கப்பட்டிருக்கிறது. தேனி மாவட்டத்துக்கான திட்டம் மாவட்ட எல்லைக்குள் நின்றால் அது பாதித் திட்டமாகவே இருக்கும், ஏனெனில் இந்த மாவட்டத்தின் தண்ணீரும் காற்றும் கூலியும் மேற்கே உள்ள மலைகளிலிருந்து வருகின்றன. முல்லைப் பெரியாறு குறித்து இரு மாநிலங்களுக்கும் உள்ள கருத்து வேறுபாட்டை நான் அறிவேன். அணையில் உடன்பாடு வரும்வரை பேருந்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே தேனி, இடுக்கி ஆட்சித் தலைவர்கள் தொழிலாளர் பிரதிநிதிகளையும் தோட்ட உரிமையாளர்களையும் ஜீப்பு ஓட்டுநர்களையும் வைத்து ஒரு கூட்டுக் குழு அமைத்து, அடுத்த காய் எடுப்புப் பருவம் தொடங்குமுன் கூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரு மாநிலப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் அடுத்த திருத்தத்தில் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாகத் தொழிலாளர் நேரப் பேருந்துகள் இடம்பெறுமா, இடம்பெறுமானால் எத்தனை நடைகள், எந்தக் கட்டணத்தில் என்பதையும், இடம்பெறாதெனில் அதற்கான காரணத்தையும், இரு போக்குவரத்துத் துறைகளும் தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து மூலம் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியை